ஜூரி நாற்காலியில் மருத்துவர்

இங்கிலாந்தில் கொலை போன்ற கடுங்குற்ற வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வது நீதிபதி அல்ல. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படும் பன்னிரண்டு பொதுமக்கள்தான் அதைச் சொல்கிறார்கள். ஜூரர்கள் எனப்படும் இவர்கள் வழக்கமாக இரண்டு வாரம் தங்கள் வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். பேருந்து ஓட்டுநருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இது கடமை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு நோயாளிகள் காத்திருக்கும்போது மருத்துவரையும் இப்படி அழைக்கலாமா என்பது பழைய கேள்வி.

எட்டாம் ஹென்றி ஆட்சியில் 1513-ல் வந்த ஒரு சட்டம், லண்டன் அறுவை மருத்துவர்களை ஜூரிப் பணியிலிருந்து விடுவித்தது. 1825-ன் ஜூரிச் சட்டமும் தொழில் நடத்தும் மருத்துவர்களுக்கு விலக்கு அளித்தது. பிரிட்டிஷ் ஆட்சி இதே வழக்கத்தை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. 1898-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரியில் அமர வேண்டாதவர்களின் பட்டியலில் மருத்துவத் தொழில் செய்பவர்களையும் சேர்த்திருந்தது. 1973-ல் வந்த புதிய சட்டத்தில் ஜூரி முறையே இல்லாததால் இந்தியாவில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இங்கிலாந்தில் 1974-ன் ஜூரிச் சட்டம் மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர், பேறுகால மருத்துவச்சி, மருந்தாளுநர், கால்நடை மருத்துவர் ஆகியோருக்கு ஓர் உரிமை தந்தது. அழைப்பு வந்தால் 'என்னால் வர இயலாது' என்று ஒரு வரி எழுதினால் போதும். காரணம் கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை. செவிலியர்கள் மட்டுமே அங்கே லட்சக்கணக்கில் உண்டு. இவர்கள் ஒட்டுமொத்தமாக விலகினால், மீதி இருப்பவர்களின் தலையில் சுமை கூடும். அதைவிடப் பெரிய கேடு, தப்பிக்க வழி தெரியாதவர்கள்தான் ஜூரியில் உட்கார்கிறார்கள் என்ற எண்ணம் மக்களிடம் பரவியது. குற்றவியல் நீதிமன்றங்களை ஆராய்ந்து 2001-ல் அறிக்கை தந்த நீதிபதி ராபின் ஆல்ட், தொழிலைக் காட்டி விலகும் உரிமையை எடுத்துவிடச் சொன்னார். 2003-ன் குற்றவியல் நீதிச் சட்டம் அதை ஏற்றது. 2004 ஏப்ரல் முதல் மருத்துவர் மட்டுமல்ல, வழக்கறிஞரும் நீதிபதியும்கூட ஜூரிக்கு அழைக்கப்படக் கூடியவர்களே.

நியூயார்க் மாநிலம் இன்னும் முன்னதாகவே இந்த முடிவுக்கு வந்தது. தலைமை நீதிபதி ஜூடித் கேய் முன்னின்று நடத்திய சீர்திருத்தத்தின் பயனாக, 1996 தொடக்கத்திலிருந்து அங்கே தொழில்வாரி விலக்குகள் எல்லாம் ஒழிந்தன. எல்லா இடமும் இப்படி இல்லை. ஃபுளோரிடாவில் தொழில் நடத்தும் மருத்துவரை நீதிபதி விரும்பினால் விடுவிக்கலாம். பதினைந்து ஜூரர்களைக் கொண்ட ஸ்காட்லாந்தில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் பழைய உரிமை நீடிக்கிறது.

விலக்கு வேண்டும் என்போரின் வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. சிற்றூரில் ஒரே ஒரு மருத்துவர் இருந்தால், அவர் நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கும் நாளில் காய்ச்சலோடு வரும் குழந்தை எங்கே போகும்? வழக்கு எத்தனை நாள் நீளும் என்பதும் முன்கூட்டித் தெரிவதில்லை. சில வழக்குகள் மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் பெரிய மருத்துவமனையில் பணியாற்றும் மருத்துவர் விடுப்பு எடுத்தால், அந்த நாட்களுக்கு இன்னொருவர் பொறுப்பேற்கிறார். ஓய்வுக்காகச் செய்யக்கூடிய ஏற்பாட்டை நீதிக்காகச் செய்ய முடியாது என்பது ஏற்கத் தக்கதல்ல. கலிஃபோர்னியாவின் நீதிமன்ற விதி இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பொதுமக்களின் உடல்நலத்துக்கு ஒருவர் அப்போதே தேவைப்பட்டு, மாற்று ஏற்பாடும் முடியாமல் இருந்தால் மட்டுமே அவரை விடுவிக்கலாம் என்கிறது அது.

இன்னொரு சிக்கல் மருத்துவ அறிவையே பற்றியது. நியூயார்க்கில் ஒரு மரண வழக்கில் இரண்டு செவிலியர்கள் ஜூரியில் இருந்தார்கள். இறந்த பெண் எவ்வளவு ரத்தம் இழந்திருப்பார் என்று அவர்கள் தங்கள் தொழிலறிவைக் கொண்டு கணக்கிட்டு மற்ற ஜூரர்களிடம் சொன்னார்கள். அந்தக் கணக்கு சாட்சியமாக நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. எதிர்த்தரப்பு அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் வழியில்லை. அந்தத் தீர்ப்பு நிற்காது என்று 2000-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் முடிவு செய்தது. மருத்துவரை விலக்க வேண்டும் என்பதற்கு இதை ஆதாரமாகக் கொள்வது தவறு. சாட்சியத்துக்கு வெளியே உள்ள தொழிலறிவைச் சக ஜூரர்களிடம் வைக்கக் கூடாது என்று நீதிபதி தெளிவாக எச்சரிக்க வேண்டும் என்பதுதான் அந்த வழக்கு காட்டும் வழி.

இங்கிலாந்தில் இப்போது பெரும்பாலும் நடப்பது ஒத்திவைப்பு. அழைப்பு கிடைத்த ஏழு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அறுவை சிகிச்சை நாட்களையோ மாற்று மருத்துவர் இல்லாததையோ காட்டும் மருத்துவர், தனக்கு இயலும் தேதிகளையும் சேர்த்து எழுதலாம். பணி பன்னிரண்டு மாதங்களுக்குள் வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்படும். அப்படி ஒருமுறைதான் கேட்க முடியும். முழு விலக்கு, எந்த நாளிலும் வர இயலாது என்பதைக் காட்டுபவருக்கு மட்டுமே.