வாசலில் பூட்டு, திண்ணையில் கணக்குப் புத்தகம்

யாருக்கு எத்தனை வீதம் கழிவு, யாருக்கு எத்தனை நாள் தவணை, யாருடைய காசோலை திரும்பி வந்தது என்பவை முதலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய விடயங்கள். இதை வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. அப்படிப்பட்ட கணக்குகளை இணையத்தளத்தில் வைத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டோம் என்று நம்பியிருந்த எனக்கு ஏற்பட்ட அனுபவத்தை இவ்வாரம் எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும்.

நான் புறக்கோட்டையில் மின்சாரப் பொருட்களை மொத்தமாக விற்பவன். வெளியூர்க் கடைகள் நாற்பதுக்கு மேல் எங்களிடம் சரக்கு எடுக்கின்றன. 2022 மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. காலையில் சொன்ன விலை மாலையில் செல்லாது. ஒவ்வொரு கடைக்கும் தொலைபேசியில் விலை சொல்லி முடிப்பதற்குள் அடுத்த விலை வந்துவிடும். எனவே, ஓர் இணையத்தளம் செய்வித்தேன். ஒவ்வொரு கடைக்காரருக்கும் தனித்தனிப் பயனர் பெயர், கடவுச்சொல். உள்ளே போனால் அவருக்குரிய விலைப்பட்டியலையும் மாதக் கணக்குக் கூற்றையும் பி.டி.எப். கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். வேலை இலகுவாகியது. நானும் பெருமைப்பட்டேன்.

சில மாதங்கள் கழிந்து, இருபது வருடமாக எங்களிடம் சரக்கெடுக்கும் கெக்கிராவைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பேசினார்.

"நானா, கோவிக்க வாணாம். எனக்கு 12 வீதம், பக்கத்துக் கடைக்கு 16 வீதமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல்ல. உங்கட வெப்சைட்டிலதான் பார்த்தேன்."

விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. அவரது மகன் தந்தையின் விலைப்பட்டியலைத் திறந்திருக்கிறான். மேலே இருந்த முகவரியின் கடைசியில் 37 என்ற இலக்கம். விளையாட்டாக அதை 38 என்று மாற்றியிருக்கிறான். அடுத்த கடையின் பட்டியல் வந்துவிட்டது. கணக்குக் கூற்றிலும் அப்படியே. அந்தக் கடையின் நிலுவை எவ்வளவு, எந்தக் காசோலை திரும்பியது என்பது வரை எல்லாம் வந்துவிட்டது. இதற்குக் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. வெளியேறிய பிறகும் அதே முகவரி திறந்தது.

கழிவு விடயத்தை நான் சமாளித்துவிட்டேன். கூடுதலாகச் சரக்கெடுப்பவருக்குக் கூடுதல் கழிவு என்பது அவருக்கும் விளங்கியது. ஆனால் அடுத்த கடைக்காரர் ஒரு பிழையும் செய்யாதவர். அவரது கஷ்டகாலத்துக் கணக்கு என் கவனயீனத்தால் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. மறைக்க மனம் வரவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடன் படுறது வெக்கமில்ல நானா, ஊருக்குத் தெரியிறதுதான் வெக்கம்" என்றார். அடுத்த மாதமே நிலுவை முழுவதையும் கட்டிவிட்டார். அதன் பிறகு வெகுநாட்களாக என்னிடம் ரொக்கத்துக்கு மட்டுமே சரக்கெடுத்தார்.

எங்கே ஓட்டை?

இணையத்தளத்தைச் செய்தவர்கள் உள்நுழையும் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஆனால் கோப்புகளை வைத்ததோ சேர்வரில் எல்லோருக்கும் திறந்திருக்கும் கோப்புறையில். அந்தக் கோப்புறையில் இருக்கும் ஒரு கோப்பின் சரியான முகவரியைக் கேட்டால், சேர்வர் அதை நேரடியாக எடுத்துக் கொடுத்துவிடும். கேட்பவர் யார் என்று பார்க்கும் புரோகிராமுக்கு அங்கே வேலையே இல்லை. கடை வாசலுக்குப் பெரிய பூட்டைப் போட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தை வெளித்திண்ணையில் வைத்த கதைதான் இது.

இது சிறிய வியாபாரிகளுக்கு மட்டும் நேரும் தவறல்ல. அமெரிக்காவில் காணி, வீட்டு உரிமைக் காப்புறுதி செய்யும் பெர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய நிறுவனத்திலும் இதுவே நடந்தது. முகவரியிலுள்ள ஆவண இலக்கத்தை மாற்றினால், கடவுச்சொல் இல்லாமலேயே அடுத்தவரின் ஆவணம் திறந்தது. வங்கிக் கணக்கு இலக்கங்கள், அடமானப் பத்திரங்கள் உட்பட 2003 ஆம் ஆண்டு முதலான சுமார் 88 கோடி 50 இலட்சம் ஆவணங்கள் இவ்வாறு திறந்து கிடந்ததாக 2019 மே மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற ஊடகவியலாளர் வெளிப்படுத்தினார். நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினர் அதே வருடம் ஜனவரியிலேயே இந்த ஓட்டையைக் கண்டிருந்தனர். ஆனால் அது மேலிடத்தின் காதுக்கு எட்டவில்லை, அடைக்கப்படவுமில்லை. 2021 இல் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 4 இலட்சத்து 87 ஆயிரம் டொலருக்கு மேல் தண்டம் விதித்தது. 2023 இல் நியூயோர்க் மாநில நிதிச் சேவைகள் திணைக்களத்துக்கு மேலும் 10 இலட்சம் டொலர் கட்ட வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டில் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் முதலியவற்றைச் சேர்த்து வைப்பவர்கள் இதையும் மனதில் கொள்ள வேண்டும்.

நாங்கள் செய்த திருத்தம்

வேறொரு புரோகிராமரைப் பிடித்தோம். முதலில், கோப்புகள் எல்லாம் வெளியார் நேரடியாக எட்ட முடியாத கோப்புறைக்கு மாற்றப்பட்டன. இப்போது ஒவ்வொரு கோப்பும் ஒரு புரோகிராம் வழியாகவே வெளியே வரும். அது இரண்டு கேள்விகளைக் கேட்கும். உள்நுழைந்தவர் யார்? இந்தக் கோப்பு அவருக்குரியதா? முதற்கேள்வியை மட்டும் கேட்டால் போதாது. உள்நுழைந்த ஒரு கடைக்காரர் அடுத்த கடையின் கணக்கை எடுக்க அது தடையாகாது. யார், எந்தக் கோப்பை, எப்போது இறக்கினார் என்ற பதிவும் வைக்கப்படுகிறது. எங்களிடம் கொடுக்கல் வாங்கலை நிறுத்தியவரின் பயனர் பெயரும் அன்றே நிறுத்தப்படுகிறது.

இலக்கத்துக்குப் பதிலாக நீண்ட, ஊகிக்க முடியாத பெயரைக் கோப்புக்கு வைத்தால் போதும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அது ஒளித்து வைப்பதே தவிர, பூட்டு அல்ல. அந்த முகவரியை ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பெறுகின்ற அனைவருக்கும் கதவு திறந்துவிடும். கூகிளில் காட்ட வேண்டாம் என்று தேடுபொறிக்கு எழுதி வைப்பதும் அப்படித்தான். மனிதர் வருவதை அது தடுக்காது.

ஒன்றை மட்டும் எந்தப் பூட்டாலும் தடுக்க முடியாது. முறைப்படி இறக்கிய கோப்பை ஒருவர் அடுத்தவருக்கு அனுப்பினால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே, ஒவ்வொரு பக்கத்திலும் பெற்றவரின் கடைப் பெயர் அச்சாகும்படி செய்திருக்கிறோம். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார்.

நீங்களே பாருங்கள்

இணையத்தளம் வைத்திருக்கும் வியாபாரிகள் கணனிப் படிப்பு இல்லாமலே இதைச் சோதிக்கலாம். உங்கள் தளத்தில் உள்நுழைந்து, ஒரு கோப்பின் முகவரியைப் பிரதி எடுத்து, உங்கள் தளத்தில் ஒருபோதும் உள்நுழையாத வேறொரு தொலைபேசியில் திறந்து பாருங்கள். கோப்பு வந்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, ஒரு கடைக்காரரின் பெயரில் உள்நுழைந்து, இன்னொருவரின் கோப்பு முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் திறக்கக்கூடாது.

தளம் செய்து தருபவருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை அன்று நான் செலவழித்திருந்தால், ஒரு நல்ல மனிதரின் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டி வந்திருக்காது.