கோழிச் சாற்றின் கடவுச்சீட்டு

கோழி எலும்பை வேகவைத்து வடித்த சாற்றைக் காலையில் அடுப்பிலிருந்து இறக்கி வெளியே வைத்தால், இரவுக்குள் வாடை மாறிவிடும். ஆனால் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ ஒரு பல்பொருள் அங்காடிக்குள் போய்ப் பாருங்கள். அதே சாறு ஒரு லிட்டர் அட்டைப் பெட்டிகளில், குளிர்பெட்டிக்கு வெளியே, பாஸ்தாவுக்கும் தக்காளி விழுதுக்கும் நடுவில் மாதக்கணக்கில் நிற்கிறது. மூடியைத் திறந்தால் நேற்று வடித்தது போல மணக்கிறது.

அந்தப் பெட்டி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து கப்பலில் வந்ததாக இருந்தால், அதன் பயணம் இன்னும் வியப்பானது. சாற்றைக் கெடாமல் காப்பதும் வெப்பம்தான். எல்லையில் அதற்கு வழி திறந்துவிடுவதிலும் வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பாட்டிலில் தொடங்கிய கதை

பிரெஞ்சு அரசு, உணவைக் கெடாமல் வைக்க வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்திருந்தது. நிக்கோலா அப்பேர் என்ற சமையல் கலைஞர் உணவைக் கண்ணாடி பாட்டிலில் இட்டு, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். உணவு கெடவில்லை. 1810-இல் தன் முறையை நூலாக வெளியிட்டு 12,000 பிராங்க் பரிசு பெற்றார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. அதற்குக் காரணம் நுண்ணுயிர்கள் என்பதை விளக்க லூயி பாஸ்டர் வர வேண்டியிருந்தது.

இறைச்சிச் சாற்றைக் கடல் கடத்தி ஐரோப்பாவில் விற்ற பெரிய வணிகம் 1865-இல் தொடங்கியது. ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக்கின் பெயரில் அமைந்த நிறுவனம், உருகுவேயின் ஃப்ரே பென்டோஸ் ஊரில் மாட்டிறைச்சியைக் கொதிக்கவைத்துக் கெட்டிக் குழம்பாகச் சுண்டவைத்தது. தென் அமெரிக்காவில் தோலுக்காக மாடுகளை அறுத்துவிட்டு இறைச்சியை வீணாக்கிய காலம் அது. ஏறத்தாழ 30 கிலோ இறைச்சியிலிருந்து ஒரு கிலோ சாரம் கிடைத்தது. சாறு என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரைக் கப்பலில் ஏற்றினால் கூலிதான் மிஞ்சும் என்ற அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. சூப் கட்டியும் தூளும் அதிலிருந்து பிறந்தவையே. ஃப்ரே பென்டோஸ் ஆலை வளாகத்தை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மூன்று நிமிடம் என்னும் அளவுகோல்

கோழிச் சாற்றில் புளிப்பு குறைவு. காற்றில்லாத இடத்தில், புளிப்பில்லாத உணவில் வளரக்கூடிய ஆபத்தான நுண்ணுயிர் ஒன்று உண்டு: கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம். அதன் விதைத்துகள்கள் கொதிநீரையும் தாங்கும். மூடிய பெட்டிக்குள் அவை முளைத்தால் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு உருவாகும்.

இதற்கு எதிராக உணவுத் தொழில்நுட்பர்கள் வைத்திருக்கும் அளவுகோலின் பெயர் 'எஃப் ஸீரோ'. உணவு முழுவதும் 121.1 டிகிரி செல்சியஸில் எத்தனை நிமிடம் இருந்ததற்குச் சமமான வெப்பத்தைப் பெற்றது என்பதை அது சொல்கிறது. புளிப்பில்லாத உணவுக்கு அது குறைந்தது 3 ஆக இருக்க வேண்டும்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் விதைத்துகள்கள் பத்து மடங்கு வேகமாக மடிகின்றன. இதை வைத்து நாமே கணக்குப் போடலாம். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கவைத்து இந்த அளவை எட்ட 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 141 டிகிரியில் இரண்டு விநாடி போதும். சுவையும் நிறமும் வெப்பத்தால் கெடுகின்றன என்றாலும், இவ்வளவு வேகமாகக் கெடுவதில்லை. அதனால்தான் ஆலைகளில் சாற்றை அழுத்தம் கொடுத்த குழாயில் செலுத்தி, சில விநாடிகள் கடும் சூட்டில் வைத்து, உடனே குளிரவைக்கிறார்கள்.

இனிப் பெட்டிக்கு வருவோம். காகித அட்டை, பாலிஎத்திலீன், அலுமினியத் தாள் என அடுக்கடுக்காக ஒட்டிய சுருள் அது. அலுமினியத் தாளின் தடிமன் தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஒளியையும் ஆக்சிஜனையும் தடுப்பது அதுவே. இந்தச் சுருள் ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கி, நுண்ணுயிர் நீக்கிய சூடான காற்றில் உலர்ந்து, குழாயாக வளைகிறது. உள்ளே சாறு இறங்கிக்கொண்டே இருக்க, சாற்றின் மட்டத்துக்குக் கீழேயே குழாயை நசுக்கி ஒட்டுகிறது இயந்திரம். சாறும் சுத்தம், பெட்டியும் சுத்தம், இரண்டும் சேரும் இடமும் சுத்தம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பெட்டி அலமாரியில் வீங்கிவிடும்.

துறைமுகத்தில்

இவ்வளவும் செய்தாலும் கோழிச் சாறு விலங்குப் பொருள்தான். அதை ஒன்றியத்துக்குள் கொண்டுவர இரண்டு பட்டியல்களில் பெயர் இருக்க வேண்டும்: கோழி வந்த நாடு, சாறு தயாரித்த ஆலை. கோழி இறைச்சியைக் குளோரின் போன்ற கிருமிநாசினிகளால் கழுவுவதை ஒன்றியம் 1997 முதல் ஏற்பதில்லை. ஆகவே கோழி எப்படி அறுக்கப்பட்டது என்பதிலிருந்தே கேள்வி தொடங்கிவிடுகிறது. 2018-இல் பிரேசிலின் 20 கோழி ஆலைகளின் பெயர் ஒரே முடிவில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நோய் நிலவரத்தைப் பொறுத்து, எந்த நாட்டு இறைச்சிக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதையும் சட்டம் எழுத்துகளால் குறிக்கிறது. 'டி' என்றால் இறைச்சி முழுவதும் 70 டிகிரியைத் தொட வேண்டும். 'சி' என்றால் 80 டிகிரி. 'பி' என்றால் காற்றுப் புகாமல் மூடிய கலத்தில் எஃப் ஸீரோ 3. ஆய்வுக்கூடத்து எண் இங்கே சட்ட வாசகமாகவே நிற்கிறது. இதன் பலனைத் தாய்லாந்து கண்டது. 2004-இல் அங்கே பறவைக் காய்ச்சல் பரவியதும் பச்சைக் கோழிக்கு ஐரோப்பியக் கதவு மூடியது. 2012-இல்தான் மீண்டும் திறந்தது. வெந்த கோழி மட்டும் அந்த எட்டு ஆண்டுகளும் போய்க்கொண்டிருந்தது.

சரக்கு வருவதற்குக் குறைந்தது ஒரு வேலை நாள் முன்பே, இறக்குமதியாளர் 'ட்ரேசஸ்' என்ற மின்னணு அமைப்பில் தகவல் தர வேண்டும். ரோட்டர்டாம் போன்ற துறைமுகத்தின் எல்லைக் கட்டுப்பாட்டு நிலையத்தில், ஏற்றுமதி நாட்டு அரசுக் கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட சான்றிதழைச் சரிபார்ப்பார்கள். சரக்கும் தாளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மாதிரி எடுப்பார்கள்.

அலமாரியில்

உள்ளே வந்த பின் கடைசித் தேர்வு, பெட்டியின் மேலுள்ள எழுத்து. விற்கும் நாட்டு மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். கட்டாயத் தகவல்களில் சிறிய எழுத்தின் உயரம் பொதுவாக 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்பவரின் பெயரும் முகவரியும் வேண்டும். சோடியம் அளவை அப்படியே தர முடியாது, 2.5-ஆல் பெருக்கி உப்பாகச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது சேர்ந்திருந்தாலும் அது பட்டியலில் எடுப்பாகத் தெரிய வேண்டும். அந்த 14-இல் ஒன்று செலரி. கோழிச் சாற்றுக்கு மணம் சேர்க்க வழக்கமாகப் போடுவது அது. அமெரிக்காவின் ஒவ்வாமைப் பட்டியலில் செலரி இல்லை. ஆகவே அந்நாட்டு விதிப்படி அச்சிட்ட வாசகத்தை அப்படியே மொழிபெயர்த்தால், செலரி ஒவ்வாதவருக்கு வேண்டிய எச்சரிக்கை விடுபட்டுப்போகலாம்.

இத்தனை தாளும் முத்திரையும் வணிகருக்குச் சுமைதான். ஆனால் சாற்றை வாங்குபவர் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்க முடியாது. கோழி எங்கே வளர்ந்தது, எவ்வளவு சூடாக்கினார்கள், என்ன சேர்த்தார்கள் என்று அவர் யாரையும் கேட்கவும் முடியாது. அவருக்குப் பதிலாக அந்தக் கேள்விகளைக் கேட்பவைதான் இந்த விதிகள். அவற்றைக் குறுக்குவழியில் தாண்ட நினைப்பவர் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது.

அடுத்த முறை இப்படி ஒரு பெட்டி உங்கள் கைக்கு வந்தால், ஆலையின் நாட்டையும் ஒப்புதல் எண்ணையும் சொல்லும் அடையாளக் குறியைத் தேடிப் பாருங்கள். வீங்கிய பெட்டியைச் சுவைத்துப் பார்க்கவே வேண்டாம். மூடியைத் திறந்த பின் அது சாதாரணக் கோழிச் சாறுதான். குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.