வாய்தா: நாளா, வாக்கா?

மணலி, மாத்தூர், திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொழிற்சாலைகளும் துறைமுகமும் சூழ்ந்த நம் பகுதியில், வழக்கு என்பது அரிய செய்தியன்று. லாரி ஓட்டுநருக்கு விபத்து வழக்கு. உடன்பிறந்தோரிடையே மனைப் பங்கு வழக்கு. கடனுக்குக் கொடுத்த காசோலை திரும்பிவந்த வழக்கு. இத்தகைய குடும்பங்களின் வாயில் அடிக்கடி அடிபடும் சொல் ஒன்றுண்டு. "இன்றைக்கு வாய்தா" என்பர். மாலையில் திரும்பி வந்து, "மறுபடியும் வாய்தா போட்டுவிட்டார்கள்" என்று பெருமூச்சு விடுவர். அச்சொல்லின் பொருளையும், அதனுள் அடங்கிய கடமையையும் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

கேட்பதற்குத் தமிழ்ச் சொல் போன்று ஒலித்தாலும், வாய்தா அரபு மொழியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக நம்மை வந்தடைந்த சொல். நவாபுகளின் ஆட்சிக் காலத்தில் அலுவல் மொழியாக விளங்கிய பாரசீகம் நம் நீதிமன்றங்களுக்கு விட்டுச் சென்ற சொற்கள் பல. 'ஆஜர்' என்றால் முன்னிலையில் இருத்தல். 'வக்காலத்து' என்றால் ஒருவர் சார்பில் செயற்படும் உரிமை. 'வாய்தா'வின் மூலப் பொருளோ வாக்குறுதி என்பதாகும். குறித்த நாளில் சரக்குத் தருவதாக இன்றே பேசி முடிக்கும் வணிகத்தை வடநாட்டார் 'வாய்தா' வணிகம் என்றே வழங்குகின்றனர். ஆகவே, வாய்தா வெறும் நாளன்று. இன்ன நாளில் வருவேன் என்று கொடுத்த வாக்கு.

நம் பேச்சில் இச்சொல் இரு பொருள்படும். வழக்கு விசாரணைக்குக் குறிக்கப்பட்ட நாள் ஒன்று. அவ்விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தல் மற்றொன்று. "வாய்தாவுக்குப் போகிறேன்" என்பது முன்னது. "வாய்தா வாங்கினார்" என்பது பின்னது.

வாக்கைத் தவறவிட்டால் நேர்வது என்ன? உரிமையியல் வழக்கில், கட்சிக்காரரோ வழக்கறிஞரோ முன்னிலையாகாவிடில், வாதியின் வழக்குத் தள்ளுபடியாகலாம். பிரதிவாதிக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம். தக்க காரணம் காட்டி அதை நீக்கக் கோருவதற்குச் சட்டம் அளிக்கும் காலம் பொதுவாக 30 நாட்களே. குற்ற வழக்கிலோ, நீதிமன்றம் விலக்கு அளித்தாலன்றிக் குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வரவேண்டும். வராவிடில் பிடிவாரண்டு பிறக்கலாம். நம்பிக் கையொப்பமிட்ட ஜாமீன்தாரரும் பணம் கட்ட நேரிடலாம். ஜாமீனில் வந்தவர் தக்க காரணமின்றி வராமலிருப்பதே தனிக் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

வராமலிருப்பது ஒருவகைத் தவறென்றால், வந்து நின்றுகொண்டே காலங்கடத்துவது மற்றொரு வகை. எதிர்த்தரப்பாரைக் களைப்படையச் செய்யவே வாய்தா கேட்பவர் உளர். கைக்குழந்தையுடன் ஜீவனாம்சம் கேட்டு நிற்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் கூலி இழப்பு. ஒரு மாத வாடகைக் கவலை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, இயன்றவரை, நோட்டீஸ் சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்வதும் இது கருதியே.

சட்டம் இதற்கு வரம்பும் கட்டியுள்ளது. 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உரிமையியல் வழக்கு விசாரணையில் ஒரு தரப்பாருக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரலாகாது. இத்திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கத்தார் தொடுத்த வழக்கில், 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரம்பு செல்லும், எனினும், மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட இடர் நேரும்போது நீதிமன்றம் இரங்கலாம் என்றது. அத்தகைய இடர்களுள் ஒன்றாக, நம் கரையையும் தாக்கிய சுனாமியைச் சுட்டியது. அதேவேளையில், முதல் வாய்தாகூட எவருக்கும் உரிமையன்று என்றும் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, கட்சிக்காரரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலையில், எதிர்த்தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுதிவைத்து, இரண்டு வாய்தாவுக்கு மேற்படாமல் தரலாம் என்கிறது.

வாய்தாவின் கொடுமையைத் திருத்தூதர் பவுலும் அறிந்திருந்தார். ஆயிரத்தவர் தலைவர் வந்தபின் தீர்ப்புச் சொல்வதாக ஆளுநர் பெலிக்சு அவரது வழக்கைத் தள்ளிவைத்தான். கையூட்டுக் கிடைக்கும் என்ற நப்பாசையால் அவரை அடிக்கடி அழைத்துப் பேசினானேயன்றி முடிவு சொல்லவில்லை. ஈராண்டு கழிந்து பதவியை விட்டுப் போனபோதும் பவுல் சிறையிலேயே இருந்தார். குற்றமற்றவரைத் தண்டிக்கத் தீர்ப்பு வேண்டியதில்லை, வாய்தாவே போதும்.

ஆகவே, வழக்குள்ள குடும்பத்தார் சிலவற்றைக் கைக்கொள்வது நலம். அடுத்த வாய்தா நாளை நாட்காட்டியில் குறியுங்கள். வழக்கின் 16 இலக்க அடையாள எண்ணை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்குங்கள். அதைக்கொண்டு அடுத்த நாளைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நோயுற்றால், நாள் கடந்தபின் அன்று, முன்னரே வழக்கறிஞருக்குத் தெரிவியுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகலாம். அங்கே முடியும் வழக்கிற்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

பங்கு மனைக்காகப் பத்தாண்டு வாய்தா வாங்கும் அண்ணனும் தம்பியும் ஒரே கோவிலில், ஒரே பீடத்தின்முன் நிற்கிறார்கள். நீதிபதி குறிக்கும் நாள்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பேசி முடிக்க அவர்களே ஒரு நாளைக் குறிக்கலாம். அந்த வாய்தாவையாவது தள்ளிவைக்காதிருப்பார்களாக.