டயப்பர் கவரின் உயிர் பட்டனில் இருக்கிறது

கூவத்தைத் தாண்டினால் எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் நடந்தால் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது சிந்தாதிரிப்பேட்டை. கைக்குழந்தை இருக்கிற வீட்டை இங்கே யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, மாடிக் கொடி சொல்லிவிடும். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த வெள்ளைத் துணிகள் வரிசையாகத் தொங்கும். கொஞ்ச காலமாக எங்கள் தெருவில் அவற்றுக்கு நடுவே யானையும் பூவும் அச்சடித்த சின்னச் சின்னக் கவர்களும் காய்கின்றன. உள்ளே வேட்டித் துணி, மேலே ஈரம் கசியாத கவர், இடுப்பில் பிளாஸ்டிக் பிரஸ் பட்டன். கடையில் வாங்கியவையும் உண்டு, வீட்டு மெஷினில் பாட்டியோ அம்மாவோ தைத்தவையும் உண்டு.

வீட்டில் தைத்த கவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், அதிலும் முக்கியமாக அந்தப் பட்டனைப் பற்றி. இந்தக் கவர்கள் பெரும்பாலும் தையல் விட்டுக் கெடுவதில்லை. துணி நன்றாகவே இருக்கும், எலாஸ்டிக்கும் விறைப்பாக இருக்கும். பட்டன் மட்டும் பிய்ந்துகொண்டு வந்து, அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை நிற்கும். அதோடு கவர் குப்பைக்குப் போய்விடும். ஆசையாகத் தைத்தவர், "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று கடை டயப்பருக்கே திரும்பிவிடுவார். பட்டனைச் சரியாக அடித்திருந்தால் அதே கவர் அடுத்த குழந்தைக்கும் ஆகியிருக்கும்.

நம் வீடுகளில் முன்பெல்லாம் அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் துணியைச் செருகிவிடுவார்கள். பிறகு பக்கவாட்டில் நாடா முடிகிற ஜட்டி வந்தது. ஊக்குக் குத்திய முக்கோணத் துணியும் உண்டு. இவை எல்லாமே ஈரத்தை உறிஞ்சுமே தவிர, வெளியே வராமல் தடுக்காது. தடுக்கிற வேலை படுக்கையில் ரப்பர் ஷீட்டுக்கு, மடியில் அம்மாவின் புடவைக்கு.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மரியன் டோனவன் என்ற தாய்க்கும் இதே தொல்லைதான். அவருடைய அப்பாவும் அப்பாவின் உடன்பிறந்தவரும் கடைசல் இயந்திரம் உருவாக்கியவர்கள். சிறு வயதில் தொழிற்கூடத்தைப் பார்த்து வளர்ந்தவர் மரியன். 1946இல் குளியலறைத் திரையை வெட்டி, தையல் மெஷினில் உட்கார்ந்து, துணி டயப்பருக்கு மேலே போடும் உறை ஒன்றைத் தைத்தார். அப்போது கடைகளில் கிடைத்த ரப்பர் ஜட்டிகள் குழந்தையின் தோலைப் புண்ணாக்கின. அதனால் அடுத்தடுத்துத் தைத்தபோது பாராசூட்டுக்கான நைலான் துணிக்கு மாறினார். ஊக்கையும் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் வைத்தார். ‘போட்டர்’ என்று பெயரிட்ட அந்தக் கவர் 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிப்த் அவென்யூ கடையில் விற்பனைக்கு வந்தது. 1951இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார்.

ஊக்கை எடுத்துவிட்டுப் பட்டன் வைத்தது சின்ன மாற்றம்போலத் தெரியலாம். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், காலை உதைத்துத் துள்ளும் குழந்தைக்கு ஊக்குக் குத்தியவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. பிரஸ் பட்டன் முதலில் குழந்தைக்காக வந்ததும் இல்லை. ஜெர்மனியின் ஹெரிபர்ட் பாவர் 1885இல் அதற்குக் காப்புரிமை வாங்கியது ஆண்களின் கால்சட்டைக்காக.

1961இல் அமெரிக்காவில் பேம்பர்ஸ் வந்த பிறகு, பயன்படுத்தித் தூக்கிப்போடும் டயப்பர் மெல்ல மெல்ல உலகெங்கும் பரவியது. அதன் வசதியை நான் மறுக்கவில்லை. பயணத்துக்கும், மழை விடாமல் கொட்டும் ஐப்பசி கார்த்திகைக்கும் அது கை கொடுக்கிறது. ஆனால் நம் ஊரில் அது எங்கே போய்ச் சேருகிறது? திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைத் தனியாகப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்கின்றன. எத்தனை வீட்டில் அப்படிக் கொடுக்கிறோம்? மீன் கழிவோடும் மிச்சச் சோறோடும் ஒரே பையில் கட்டி வைத்துவிடுகிறோம். அதைத் திறந்து தரம் பிரிப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. வீட்டில் இருக்கும் வேளையிலாவது துணிக்கு மாறினால், அந்தக் கைக்குக் கொஞ்சம் நிம்மதி.

சரி, பட்டனுக்கு வருவோம்.

தைத்துப் பிடிக்கும் இரும்பு பிரஸ் பட்டன் இதற்கு ஆகாது. சிறுநீரும் சென்னை உப்புக் காற்றும் சேர்ந்தால் துருப்பிடித்துத் துணியில் கறையை இறக்கும். ஒட்டி ஒட்டி எடுக்கும் வெல்க்ரோ, தொடக்கத்தில் சுகமாக இருக்கும். நாளாக ஆகப் பஞ்சும் நூலும் ஏறி, பிடிப்பு போய்விடும். எட்டு மாதக் குழந்தை அதைத் தானே பிரித்தும் விடும். பிளாஸ்டிக் பட்டன்தான் இங்கே சரி. கடையில் கேட்கும்போது 20ஆம் நம்பர் என்று கேளுங்கள். தொப்பியின் குறுக்களவு சுமார் 12 மில்லிமீட்டர் இருக்கும். பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் தையல் சாமான் கடைகளில் பட்டன், பிளேயர், குத்தூசி எல்லாம் விசாரித்து வாங்கலாம். பிளேயரின் அச்சு பட்டனின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே ஒன்று அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு உருப்படிகள். நடுவில் முள் வைத்த தொப்பி ஒன்று, அந்த முள்ளில் உட்காரும் குமிழோ குழியோ இன்னொன்று. குத்தூசியால் துணியில் துளை போட வேண்டும், முள் இறுக்கமாக நுழையும் அளவுக்கு மட்டும். முள்ளை நுழைத்து, மேலே குமிழை வைத்து, பிளேயரை ஒரே சீராக அமுக்கினால் முள்ளின் நுனி நசுங்கிப் பரந்து, தலை கட்டிக்கொள்ளும். பட்டனைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தலைதான். அமுக்கி முடித்ததும் அதை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில், வட்டமாக, தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கியிருந்தால், இன்று ஒட்டும், நாலு சலவையில் கழன்று வரும். துணி கனமாக இருந்தால் முள் போதிய நீளம் எட்டாமல் தலை கட்டாது. அதற்கென்றே நீள முள் வைத்த பட்டன் விற்கிறார்கள். துணி ரொம்ப மெல்லிசாக இருந்தால் முள் அதிகமாக நீட்டிக்கொண்டு சாயும்.

மெல்லிய துணிதான் உண்மையான சிக்கல். கவருக்குப் பயன்படும் பி.யு.எல். என்பது பின்னல் துணியின் முதுகில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. நீர் புகாது, ஆனால் ஒரு புள்ளியில் இழுத்தால் தாங்காது. ஒரே இடத்தைத் தினம் பல தடவை இழுத்துத் திறக்கிறோம் அல்லவா? அதனால் பட்டன் விழும் ஒவ்வொரு இடத்திலும் உள்பக்கம் ஒரு அண்டைத் துணி வைத்தே ஆக வேண்டும். பலரும் கையில் கிடைத்த பருத்தித் துண்டை வைத்துவிடுகிறார்கள். பருத்தி ஈரத்தை இழுக்கும். முள் போன துளை வழியாக அந்த ஈரம் வெளியே வந்து, குழந்தையின் சட்டையை நனைக்கும். வெட்டியதில் மிஞ்சிய பி.யு.எல். துண்டையே இரண்டு விரல் அகலத்துக்கு வைத்தால் பலமும் கிடைக்கும், கசிவும் இராது. இதே காரணத்துக்காகத்தான் பருத்தி நூலையும் தவிர்த்துப் பாலியஸ்டர் நூலில் தைக்கச் சொல்கிறார்கள். குண்டூசி குத்தி நிறுத்தாமல், துணி காயப்போடும் கிளிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டைதானே.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். முன்பக்கத்துப் பட்டன் வரிசையை வெளித்துணியில் அடித்து முடித்த பிறகே லைனிங்கைச் சேர்த்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் தொப்பிகள் இரண்டு துணிக்கும் நடுவில் மறைந்துவிடும், குழந்தையின் வயிற்றில் உரசாது. பக்கவாட்டு இறக்கைகளில் இருப்பவை இழுவையைத் தாங்க வேண்டியவை. அவற்றை எல்லா மடிப்பையும் சேர்த்து அடிக்கலாம்.

முன்பக்கம் இடுப்புக்கு இரண்டு வரிசை, பட்டனுக்குப் பட்டன் ஏறக்குறைய ஒரு அங்குலம். கண்ணளவில் குறிக்காதீர்கள். பழைய அட்டையில் துளை போட்டு வைத்துக்கொண்டு, வலமும் இடமும் அதே அட்டையால் குறியுங்கள். ஒரு பக்கம் கால் அங்குலம் தவறினாலும் கவர் கோணிக்கொண்டு, தொடையில் இடைவெளி விழும். இறக்கைக்கு ஒரு பட்டன் போதும் என்று விடாமல் கீழே இன்னொன்றும் வைத்தால் இறக்கை தொங்காது. உயரத்தைக் குறைக்க மடித்துப் போடும் பட்டன்களும் வைத்துவிட்டால் பிறந்து சில வாரமான குழந்தைக்கும் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் ஒரே கவர் ஆகிவிடும். வீட்டில் தைப்பவருக்கு இதைவிடப் பெரிய மிச்சம் இல்லை.

இந்தப் பட்டன்கள் பாலிஅசிட்டால் பிளாஸ்டிக்கில் ஆனவை. அது ஏறக்குறைய 165 டிகிரியில் உருகத் தொடங்கும். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிப் பெட்டியின் சூடு அதைவிட அதிகம், ஆகவே பட்டன் மேல் இஸ்திரி படவே கூடாது. வெந்நீரில் போட்டால் பட்டனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கொதிக்கக் கொதிக்க வைத்தால் துணியின் படலம் உரிந்துவரும். கவரைத் திறக்கும்போதும் இறக்கையின் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், பட்டனுக்குப் பக்கத்தில் விரலை வைத்து நெம்புங்கள். பாட்டி, சித்தி, வேலைக்கு வரும் அம்மா என்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சரியாகப் படியாத பட்டனை இழுத்துப் பிடுங்கினால் துணியும் சேர்ந்து கிழியும். நசுங்கிய தலையை நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினால் தொப்பி தானே கழன்றுவிடும். அதே துளையில் புதிதாக ஒன்று அடித்துக்கொள்ளலாம். ஆடுகிற பட்டனை, "அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் விடவே விடாதீர்கள். கழன்ற பட்டன் நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

துணிக்காகவே உண்டான பேட்டை இது. 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் வெளுப்பவர்களையும் குடியேற்றி உருவாக்கினார். தறி போய்விட்டது, தையல் கடைகள் இருக்கின்றன. ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற அண்ணன்கள் ஒரு பிளேயரும் இருபது பட்டனும் வாங்கி வைத்துக்கொண்டால், மெஷின் இல்லாத வீட்டுக்காரர்களும் தைத்து வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் அப்படிக் கொடுத்துத் தைத்தாலும் சரி, வீட்டில் தைத்தாலும் சரி, குழந்தைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பட்டனையும் பத்துத் தடவை பூட்டித் திறந்து, இழுத்துப் பாருங்கள்.