வெந்நீர் ஊற்றுகளை நாடி ஒரு குடும்பச் சுற்றுலா

விடுமுறை என்றால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்ப்பயணம் என்றே பொருள். கோடையில் பாட்டி வீடு, பொங்கலுக்குப் பூர்வீகக் கிராமம் என்று போக, எஞ்சிய விடுப்பு நாட்கள் திருமணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் சரியாகிவிடும். இவை வேண்டியவையே. ஆயினும் கண்டு மகிழ்வதற்கென்றே குடும்பத்தோடு புறப்படும் வழக்கம் நம்மிடையே மிகக் குறைவு. அப்படிப் புறப்பட்டாலும், ஸ்டவ்வும் அரிசி மூட்டையும் உடன் வருவதால், வீட்டுப் பெண்களுக்கு அது விடுமுறையாவதில்லை. அடுப்பு இருக்கும் இடம் மட்டுமே மாறுகிறது.

ஜப்பானியர் இத்துறையில் நமக்கு மூத்தவர்கள். மலையையும் வனத்தையும் கண்டு, வெந்நீர் ஊற்றில் நீராடி, பெருநகரத்தையும் சுற்றிப் பார்த்து வீடு திரும்பும் கூட்டுப் பயணம் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஜப்பான் சென்று வர நம் போன்றோர் வருவாய் இடந்தராது. ஆனால் மலை, வெந்நீர், நகரம் ஆகிய மூன்றும் ஒரே பயணத்தில் கிட்டும் வழி நம் நாட்டிலேயே உண்டு. அதுவே இமாசலப் பிரதேசம். சென்ற ஆண்டு தசரா விடுமுறையில் ஐந்து குடும்பத்தினர், முதியோரும் சிறுவருமாக 22 பேர், 13 நாட்கள் அங்குச் சென்று வந்தோம். புறப்படுமுன் ஒரே ஒரு விதி செய்துகொண்டோம்: சமையல் பாத்திரம் எதுவும் எடுத்துச் செல்வதில்லை.

இவ்விதியை அனைவரும் ஒருமனதாக ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. எங்களுள் மூத்தவரான பாட்டியம்மாள் வெளியிடத்துச் சமையலை உண்ணாதவர். "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவரை விட்டுச் செல்ல எவருக்கும் மனம் வரவில்லை. இறுதியில் அவலும் சத்துமாவும் வெல்லமும் ஒரு பையில் கட்டிக்கொண்டு அவரும் புறப்பட்டார்.

கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரு இரவுகள், சுமார் 2,400 கிலோமீட்டர் கடந்து டில்லி சேர்ந்தோம். அங்கு ஒரு பகல் தங்கினோம். ராமகிருஷ்ணபுரத்தில் 1973-இல் எழுந்த மலை மந்திரில் சுவாமிநாதனைத் தரிசித்தபோது, பிழைப்பு நாடி வந்த இடத்திலும் குன்று தேடிக் குமரனைக் குடியேற்றிய தமிழரை நினைத்துப் பெருமை கொண்டோம். மெட்ரோ ரயில் பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஆயினும் நம் ஊரில் 2011-இல் வந்தது டில்லியில் 2002-இலேயே வந்துவிட்டது என்பதைக் கேட்டு வியந்தனர். பழைய கால்கா மெயில் 2021 முதல் நேதாஜி எக்ஸ்பிரஸ் என்னும் பெயரில் ஓடுகிறது. அன்றிரவு அதிலேறி விடியுமுன் கால்காவில் இறங்கினோம்.

கால்காவிலிருந்து சிம்லா வரை 96 கிலோமீட்டர். இரண்டரை அடி அகலமே உள்ள குறும்பாதை. 1903-இல் திறக்கப்பட்ட இப்பாதையை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கால்கா கடல்மட்டத்துக்கு மேல் 656 மீட்டர். சிம்லாவோ 2,076 மீட்டர். 102 குகைகளைக் கடந்து வண்டி ஏறுகிறது. பரோக் நிலையத்தை அடுத்த குகை ஒரு கிலோமீட்டருக்கும் நீண்டது. நாள்தோறும் ரயில்வே ஏடுகளைப் புரட்டும் நமக்கும், ஜன்னலோரம் அமர்ந்து வளைவில் தன் வண்டியின் எஞ்சினைத் தானே காணும் இன்பம் புதிதாகவே இருந்தது. 2023 ஆகஸ்டு மழையில் இப்பாதையின் ஒரு பகுதியில் தண்டவாளத்தின் கீழிருந்த மண் முழுதும் அடித்துச் செல்லப்பட்டு, இருப்புப்பாதை அந்தரத்தில் தொங்கியது. பின்னர் அதனைச் சீர்செய்து மீண்டும் வண்டிகளை விட்டனர். ஆகவே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இம்மலைகளுக்குக் குடும்பத்தோடு செல்லலாகாது.

சிம்லாவிலிருந்து சட்லெஜ் நதிக்கரையிலுள்ள தத்தாபானிக்கு இறங்கினோம். பெயருக்கே வெந்நீர் என்றுதான் பொருள். ஆற்றங்கரை மணலிலேயே வெந்நீர் ஊறிய அப்பழைய இடங்கள் இன்று இல்லை. கோல் அணையின் நீர்த்தேக்கம் நிரம்பியபோது அவை நீருள் மறைந்தன. இப்போது நிலத்தைத் துளைத்து மேலே கொணரும் வெந்நீரிலேயே மக்கள் நீராடுகின்றனர். ஜப்பானில் 1948 முதல் வெந்நீர் ஊற்றுகளுக்கெனத் தனிச் சட்டமே உண்டு. ஊற்று நாடி நிலத்தைத் துளைக்க வேண்டுமானால் மாகாண ஆளுநரின் அனுமதி வேண்டும். மின்சாரமும் நமக்குத் தேவைதான். ஆயினும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நீராடிய துறை ஒன்று மறைவதை எளிய இழப்பாகக் கருதுவதற்கில்லை.

அங்கிருந்து மண்டி வழியாகக் குல்லு. மைசூரில் தசரா விழா விஜயதசமியோடு நிறைவுறுகிறது; குல்லுவில் அன்றுதான் தொடங்கி ஏழு நாட்கள் நடைபெறுகிறது. சுற்றுப்புறக் கிராமத் தெய்வங்கள் பல்லக்குகளில் வந்து தால்பூர் மைதானத்தில் கூடுகின்றன. ரகுநாதர் தேரை மக்கள் வடம் பிடித்து இழுக்கின்றனர். இரு தசராக்களையும் ஒரே ஆண்டில் காண விரும்புவோர் இதனை மனத்திற் கொள்க.

பயணத்தின் சிகரம் மணிகரண். பார்வதி ஆறு பனி உருகிய குளிர்நீராய் ஆர்ப்பரித்து ஓட, அதன் கரையிலேயே கொதிநிலையை நெருங்கிய வெந்நீர் பொங்கி ஆவி எழுப்புகிறது. தேவி பார்வதியின் காதணி இங்கு வீழ்ந்தது என்பர் இந்துக்கள். குரு நானக் இங்கு வந்தார் என்பர் சீக்கியர். கோயிலும் குருத்வாராவும் அருகருகே நிற்கின்றன. ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகள் பல எரிமலையின் வெப்பத்தால் உண்டாகின்றன. இமாசலத்தில் எரிமலை இல்லை. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகள் வழியே நிலத்தின் ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, வேறு பிளவு வழியே மேலே வருகின்றன.

அவ்வூற்றில் அரிசியைத் துணியில் முடிந்து இறக்கினால் சிறிது நேரத்தில் சோறாகிவிடுகிறது. எங்கள் பாட்டியம்மாள் நெடுநேரம் அதனைப் பார்த்து நின்றார். பிறகு, "இந்த அடுப்பை மூட்டியவர் யார் என்று எவரைக் கேட்பது? கொண்டா இங்கே" என்று ஒரு பிடிச் சோற்றை வாங்கி உண்டார். பத்து நாட்களாக அவலையே உண்டு வந்தவர், அன்று குருத்வாராவின் பந்தியில் தலையில் முக்காடிட்டு, முன்பின் அறியாதவர்களோடு வரிசையில் அமர்ந்தார். எங்கள் கண்கள் கலங்கின.

பந்தி முடிந்ததும் பெண்கள் சிலர் தாமாகவே சென்று சப்பாத்தி இட்டனர். "இங்கு வந்துமா?" என்று கேட்டோம். "விரும்பிச் செய்வது வேறு, நம்மை விட்டால் ஆளில்லை என்று செய்வது வேறு" என்று ஒரு சகோதரி விடையளித்தார். அங்கே ஆடவரும் எச்சில் தட்டுகளைக் கழுவுவது வழக்கம். எங்கள் ஆடவர் ஐவரும் அன்று ஒரு மணி நேரம் தட்டுக் கழுவினர். வீட்டுப் பிள்ளைகள் அதனை வேடிக்கை பார்த்தனர். பார்க்க வேண்டிய வேடிக்கைதான்.

மறுநாள் மணாலியை அடுத்த வசிஷ்டம். கற்கோயிலை ஒட்டி ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி வெந்நீர்க் குளங்கள் உள்ளன. ஜப்பானியர் குளத்தில் இறங்குமுன் தனியே அமர்ந்து சோப்பிட்டு உடலைக் கழுவிக்கொள்வர். துண்டும் நீரில் படலாகாது. பொதுநீரைப் பிறர்க்கும் தூயதாய் விட்டுவைக்கும் இவ்வொழுக்கத்தை நாமும் கைக்கொண்டோம். அதற்குச் செலவொன்றும் இல்லை.

இவ்வழி செல்ல விரும்பும் அன்பர்க்குச் சில குறிப்புகள். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து ரயில் முன்பதிவுக் காலம் 60 நாட்கள் என ஆயிற்று. முதல் நாளிலேயே பதிவு செய்க. ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேருக்கே இடமுண்டு. முதியோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, ஒரு டிக்கெட்டில் இருவருக்கு மேற்படாதபோதே கிட்டும். ஆதலால் பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் எடுப்பது நலம். இதய நோயாளிகளும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் வெந்நீரில் இறங்கற்க. மற்றவர்களும் முதலில் பாதங்களை நனைத்து, சில நிமிடங்களில் கரையேறுக. பொதுச்செலவுக் கணக்கை ஒருவரே எழுதி, இரவுதோறும் அனைவர்க்கும் படித்துக் காட்டுக, நட்பு கெடாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஸ்டவ்வை வீட்டிலேயே விட்டுச் செல்க. ஆண்டு முழுவதும் நமக்காக அடுப்பருகே நின்றவர்கள் பதின்மூன்று நாட்கள் மலையைப் பார்த்து நிற்கட்டும்.