மினரல் வாட்டரில் மினரல் எங்கே?

மலச்சிக்கலுக்கு மினரல் வாட்டர் கேட்குமா என்றால், ஓரளவு கேட்கும். ஆனால் எந்த மினரல் வாட்டர் என்பதில்தான் விஷயமே இருக்கு.

முதலில் வெறும் தண்ணியைப் பார்ப்போம். நாம் குடிப்பது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் குடலுக்குள் போவது எட்டு, ஒன்பது லிட்டர். மலத்தோடு வெளியே போவது சுமார் 100 முதல் 200 மில்லி மட்டும். மிச்சத்தை எல்லாம் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே, உடம்பில் ஏற்கெனவே தண்ணி போதுமான அளவு இருந்தால், கூடுதலாகக் குடிக்கும் ரெண்டு செம்பும் சிறுநீராகத்தான் போகும். தண்ணியே சரியாகக் குடிக்காதவர்களுக்கு மட்டும் நல்ல பலன் தெரியும்.

மெக்னீசியமும் சல்பேட்டும் கரைந்திருந்தால் கதை வேறு. இந்த ரெண்டையும் குடல் லேசில் உறிஞ்சாது. உறிஞ்சப்படாத உப்பு தன்னோடு தண்ணியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்; மலம் இளகும். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரில் கசப்பான ஊற்றுத் தண்ணியை 17ஆம் நூற்றாண்டில் இதற்காகவே போய்க் குடித்தார்கள். (1618இல் கடும் வறட்சியிலும் மாடுகள் அந்தக் குட்டையில் வாய் வைக்காததால் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு கதை உண்டு.) நம்ம மருந்துக்கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பது அதே மெக்னீசியம் சல்பேட்தான்.

இன்றைக்கு பிரான்சில் இதற்குப் பேர்போனது எப்பார் என்ற ஊற்று நீர். லிட்டருக்கு சுமார் 119 மில்லிகிராம் மெக்னீசியம், சுமார் 1,500 மில்லிகிராம் சல்பேட். நம் நாட்டுக் குடிநீர் தர அளவில் சல்பேட்டுக்கு 200 வரை சரி, வேறு வழியில்லை என்றால் 400. அதாவது இந்த எப்பார் நம்ம ஊர் போர் தண்ணியாக இருந்தால் குடிக்க லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்!

2014இல் வெளிவந்த ஒரு ஆய்வில், மலச்சிக்கல் உள்ள 244 பெண்களுக்கு தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணி கொடுத்தார்கள். முதல் வாரம் வித்தியாசமே இல்லை. இரண்டாம் வாரம், உப்பு குறைந்த தண்ணி மட்டும் குடித்தவர்களில் 21 சதவீதம் பேருக்குக் குறைந்தது. அதில் ஒரு லிட்டர் எப்பாராகக் குடித்தவர்களில் 37.5 சதவீதம் பேருக்கு. பலன் இருக்கு, ஆனால் பாதிப் பேருக்குக்கூட இல்லை. தண்ணியை விற்கிறவர்கள் பணத்தில் நடந்த ஆய்வு என்பதையும் மனசில் வைக்கணும்.

இப்போ நம்ம வீட்டு கேனுக்கு வருவோம். நாம் மினரல் வாட்டர் என்று சொல்லும் 20 லிட்டர் கேனில் இருப்பது பெரும்பாலும் ஆர்ஓ தண்ணி. உப்பை வடிகட்டி எடுத்த தண்ணி! லேபிளைப் பாருங்கள், 'பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்' என்றுதான் இருக்கும். இயற்கை மினரல் வாட்டருக்கு ஐஎஸ் 13428 என்று தனித் தரமே உண்டு; கேனில் இருப்பது ஐஎஸ் 14543. வாட்ஸ்அப் செய்தியை நம்பி என் பெரியம்மா தினம் நாலு லிட்டர் கேன் தண்ணி குடித்தார். ராத்திரித் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். வயிறு அப்படியேதான் இருந்தது.

வெளிநாட்டு பாட்டிலைத் தேடி வாங்கவும் வேண்டாம். மருந்துக்கடை மில்க் ஆஃப் மெக்னீசியா 30 மில்லியில் சுமார் 1,000 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கு, எட்டு லிட்டர் எப்பாருக்குச் சமம். ஆனால் ஒன்று. அதிகப்படி மெக்னீசியத்தை வெளியேற்றுவது கிட்னி. கிட்னி பழுதானவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். வயசானவர்களுக்கு கிரியேட்டினின் பார்க்காமல், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ஐம்பது வயசுக்கு மேல் திடீரென ஆரம்பித்த சிக்கல் என்றால் எந்தத் தண்ணியையும் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்க.