மலையில டவர் கிடைக்கலன்னா யார் பொறுப்பு? கடமலைக்குண்டு பகுதி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்

ரேஷன் கடையில் கைரேகை வைக்கணும், ஆதார் ஓடிபி வரணும், அவசரத்துக்கு 108-ஐ கூப்பிடணும். எல்லாத்துக்கும் சிக்னல் வேணும். தேனி மாவட்டம் கடமலைக்குண்டைத் தாண்டி, வருசநாடு மலைப்பக்கம் ஒரு ஊரில் சிக்னல் இல்லைன்னா யாரைக் கேட்பது? செல்போன் கம்பெனியையா, அரசையா?

பொறுப்பு யாருக்கு?

அரசியலமைப்பின் 7-வது அட்டவணைப்படி தொலைத்தொடர்பு மத்திய அரசின் அதிகாரம். கம்பெனிகளுக்கு அனுமதி தருவதும் மத்திய அரசுதான். மாநில அரசின் 'டான்ஃபினெட்' நிறுவனம், பாரத்நெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டு செல்லும் பணியைச் செய்கிறது.

பணம் எங்கிருந்து வருது?

லாபம் வராத ஊரில் டவர் போட கம்பெனிகள் தயங்கும். அதனால் அவற்றின் வருவாயில் 5 சதவீதத்தை மத்திய அரசு வசூலிக்கிறது. நம்ம ரீசார்ஜ் காசும் அதில் அடக்கம். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் இந்த நிதிக்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' எனப் பெயர் மாற்றியது. கிராமங்களுக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் சேவை கொடுப்பதே இதன் நோக்கம். சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி தர, 2022 ஜூலையில் ரூ.26,316 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சிக்னல் நம்ம உரிமையா?

இணைய வசதி கல்வி உரிமையின் பகுதி என 2019-ல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் வசதி பெறுவது வாழ்வுரிமையில் அடங்கும் என 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் சிக்கல் இங்கேதான். 'இத்தனை நாளுக்குள் என் ஊருக்கு டவர் வேணும்' என்று ஒருவர் கேட்கும் உரிமையை 2023 சட்டம் தரவில்லை. பின்லாந்தில் 1 எம்பிபிஎஸ் இணைப்பு 2010-லேயே சட்டப்படியான உரிமை ஆனது.

காடு தடையா?

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)-ன்படி தொலைத்தொடர்பு கம்பி வழித்தடத்துக்கு, ஓர் இடத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். ஒரு ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம்.

மக்கள் என்ன செய்யலாம்?

* கிராம சபையில் தீர்மானம் போட்டு கலெக்டருக்கு அனுப்பலாம்.
* மத்திய அரசின் 'சிபிகிராம்ஸ்' தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்குப் புகார் தரலாம்.
* 4ஜி திட்டப் பட்டியலில் நம்ம ஊர் இருக்கா, வேலை எந்தக் கட்டத்தில் இருக்குன்னு ஆர்டிஐ-யில் கேட்கலாம். 30 நாளில் பதில் வரணும்.

டவருக்கு சட்டத்தில் கெடு இல்லை. ஆர்டிஐ பதிலுக்கு இருக்கு. அங்கிருந்தே தொடங்கலாம்.